ஏழாம் சதுரத்து மண்

தென்காசி
8-6-2025

அன்புள்ள மணிமுத்து அவர்களுக்கு,

நீங்கள் மின்னஞ்சலில் கேட்டதற்கு நான் தாளில் பதில் எழுதுகிறேன். கணினியில் உங்களுக்கு எழுத உட்கார்ந்தால் விரல்கள் தாமாகவே அட்டவணை போடத் தொடங்கிவிடுகின்றன. போனிலோ மழையைப் பற்றிப் பேசிவிட்டு, வேறொன்றும் இல்லாமல் வைத்துவிடுகிறோம். நீங்கள் பின்லாந்து போன இந்த ஏழு வருடமும் அப்படியே கழிந்துவிட்டது. தபால் போய்ச்சேர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். ஆகட்டும்.

சாரல் இந்த வருடம் முந்திக்கொண்டது. காலையில் மாடியில் நின்று பார்த்தால் மலை இல்லை. அது இருந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. பதினோரு மணிக்கு மேல் முதலில் ஒரு பாறை, பிறகு ஒரு மரவரிசை என்று மலை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது. குற்றாலத்தில் கால் வைக்க இடமில்லை. ஐந்தருவிச் சாலை நெடுக ரம்புத்தானைக் குவித்து வைத்திருக்கிறார்கள். எனக்கென்னவோ இந்த வருடத்துப் பழத்தில் இனிப்பே இல்லை.

மாதாமாதம் மேலே போவதை நான் விடவில்லை. கிதிர் முகம்மது அண்ணாச்சியின் ஜீப் இன்னும் ஓடுகிறது. அந்தப் பழைய கிராம்புத் தோட்டத்தைத் தோட்டம் என்று சொன்னால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். நாம் கயிறு கட்டிப் பிரித்த ஏழு சதுரங்களில் ஏழாவதைக் கண்டுபிடிக்க எல்லைக் கல்லைத் தடவித்தான் பார்க்கவேண்டும். மண்ணின் மேல் மூடியைக் கவிழ்த்துவிட்டு, அது விடுகிற மூச்சைக் கருவி அளந்து முடிக்கும்வரை பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பத்து நிமிடம் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரிவதில்லை.

சரி, நீங்கள் கேட்ட விஷயம். உங்கள் ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்புவதற்காகப் பழைய மண் பாட்டில்களை அலமாரியிலிருந்து இறக்கினோம். ஆஷிகா என்று செங்கோட்டைப் பெண் ஒருத்தி என்னிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருக்கிறாள். பழுப்புக் கண்ணாடி பாட்டில்கள் என்பதால் உள்ளே இருப்பதன் நிறம் வெளியே தெரியாது அல்லவா? ஒவ்வொன்றாகத் தட்டில் கொட்டிக்கொண்டே வந்தவள், 2011-ஆம் வருடத்து ஏழாம் சதுரத்துப் பாட்டிலில் நின்றுவிட்டாள். மற்ற ஆறும் காப்பித்தூள் நிறம். இது மட்டும் செம்மண் சாயலில், வெள்ளைப் பொடி கலந்து இருந்தது. நான் ஒரு சொட்டு ஆசிட் விட்டேன். சோடா மாதிரி பொங்கியது.

நம் மலை மண்ணில் சுண்ணாம்பே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். பாட்டிலில் ஒட்டியிருக்கும் சீட்டு உங்கள் கையெழுத்து. தேதி 19-7-2011. நம் கட்டுரை நிற்பதே அந்த ஒரு பாட்டில் மேல்தான். உங்களுக்கு ஏதாவது நினைவிருந்தால் எழுதுங்கள்.

குளிரில் காதை மூடிக்கொள்ளச் சொல்லி அம்மா இருந்தால் எழுதச் சொல்லியிருப்பாள். இப்போது அங்கே கோடை என்பதை மறந்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஆனந்தவள்ளி


யோயென்சூ, பின்லாந்து
30-6-2025

அன்பு வள்ளி,

உறையைப் பிரித்ததும் ஈர வாசனை வந்தது. இவ்வளவு தூரம் அது எப்படிக் காயாமல் வந்தது என்று புரியவில்லை. கடிதத்தைப் படிக்கும் முன்னால் கொஞ்சநேரம் அதையே முகர்ந்துகொண்டிருந்தேன்.

இங்கே இப்போது இருட்டுவதே இல்லை. இரவு பத்து மணிக்குப் போய் ஏரிக்கரையில் உட்கார்ந்தாலும் பொழுது நம்மூர் மாலை ஐந்து மணி மாதிரி அப்படியே நிற்கிறது. பறவைகளுக்கும் குழப்பம், எனக்கும் குழப்பம். தூக்கம் வராதபோது காட்டுக்குள் போகிறேன். பாசி மேல் கால் வைத்தால் சத்தமே கேட்காது. நடக்கிறேனா, நடப்பதாக நினைத்துக்கொள்கிறேனா என்று சந்தேகம் வரும். எங்கள் ஆய்வுக் காட்டில் ஒரு பைன் மரம் விழுந்து அறுபது வருடம் ஆகிறது. இன்னும் மரமாகவே கிடக்கிறது. விரலால் அமுக்கினால் மட்டும் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. குளிர்நாட்டு மண்ணுக்கு எதையும் தின்று தீர்க்க அவசரமில்லை. நம் மலையில் ஒரு மரம் விழுந்தால் பத்து மழையில் அடையாளம் தெரியாமல் போய்விடும். எது நல்லது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆஷிகாவைப் பற்றி எழுதியிருந்தாய். கண் உள்ள பெண் போலிருக்கிறது.

அந்தப் பாட்டிலைப் பற்றி அதிகம் யோசிக்காதே. அந்தச் சமயம் லேபுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள் என்று ஞாபகம். சுண்ணாம்பு தெறித்திருக்கும். அதை ஒதுக்கிவிட்டு மற்ற ஆறையும் அனுப்பினால் போதும். அக்டோபரில் என் வேலையை நிரந்தரமாக்குவது பற்றி இங்கே முடிவெடுக்கப் போகிறார்கள். அவர்கள் முதலில் எடுத்துப் பார்ப்பது அந்தக் கட்டுரையைத்தான். இந்த நேரத்தில் அதைக் கிளற வேண்டாம் என்று தோன்றுகிறது.

வீட்டுக் கூரை ஒழுகுவதாகப் போனில் சொன்னாயே, சரிசெய்தாயா? நனைந்துகொண்டே மேலே போகாதே.

அன்புடன்,
மணிமுத்து


தென்காசி
19-7-2025

அன்புள்ள மணிமுத்து அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. லேபுக்கு வெள்ளையடித்தது 2013-இல். வெள்ளையடிக்கிற சுண்ணாம்பில் நத்தை ஓடும் இருக்காது.

நானும் ஆஷிகாவும் அந்த மண்ணைச் சல்லடையில் போட்டுச் சலித்தோம். குளத்து நத்தையின் ஓட்டுத் துண்டுகள் அரைக் கரண்டி தேறின. போன வாரம் ஏழாம் சதுரத்துக்குப் போய், உங்கள் குழிக்கு ஒரு முழம் தள்ளி, அதே ஆழத்துக்குப் புதுக் குழி தோண்டினோம். சாரல் தலைமேல் இறங்கிக்கொண்டிருந்தது. மண் கறுப்பாக, வேரோடு பின்னிக்கொண்டு வந்தது. அந்தப் பாட்டிலில் இருப்பது இந்த மலை மண் இல்லை. கீழே சமவெளியில் ஏதோ ஒரு குளக்கரை மண்.

நம் கட்டுரை என்ன சொன்னது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆள் புகாமல் விட்ட ஒரே சதுரம் ஏழாவது. 2011-இல் அதில் கரிமம் மிகக் குறைவு, 2016-இல் மூன்று மடங்கு. ஆகவே தொந்தரவு செய்யாமல் விட்டால் அழிந்த காட்டு மண் பத்து வருடத்தில் மீண்டுவிடும் என்று எழுதினோம். முதல் அளவே வேறு இடத்து மண் என்றால், ஏற்றம் என்று ஒன்று நடக்கவே இல்லை.

இது நம் இருவரோடு முடிகிற விஷயமாக இருந்தால் உங்கள் அக்டோபர் முடியட்டும் என்று நானும் பேசாமல் இருந்திருப்பேனோ என்னவோ. மலையடிவாரத்தில் பழைய மரங்கள் நிற்கிற ஒரு காட்டுத்துண்டை வெட்டி விடுதி கட்ட ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருக்கிறது. பிறகு வேறிடத்தில் கன்று நடுவார்களாம், பத்து வருடத்தில் மண் பழையபடி ஆகிவிடும் என்று விஞ்ஞானிகளே சொல்லியிருக்கிறார்களாம். மனுவில் முதலில் காட்டியிருக்கிற ஆய்வு நம்முடையது. அக்டோபர் 14-ஆம் தேதி பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள்.

இன்று என்ன தேதி என்று பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2011-இல் இதே நாள், ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்தபோது மணி மூன்று இருக்கும். எட்டாம் மாதம். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், இல்லை. குழந்தையை எனக்குக் காட்டவில்லை. உயிரில்லாமல் பிறந்ததைப் பார்க்கக்கூடாது என்று அம்மா சொன்னாள். எங்கே என்று கேட்டதற்கு, “ஆஸ்பத்திரியிலயே எல்லாம் பாத்துக்கிட்டாவ, நீ தூங்கு” என்றாள். உங்களைத் தேடினேன். ஆறு மணிக்கு வந்தீர்கள். தோளில் மலைக்குப் போகிற பை. முழங்கால்வரை மண். “மலைக்கா போனீய?” என்று கேட்டேன். “ஆமா” என்றீர்கள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆறு சதுரத்தையும் முந்தின நாளே முடித்திருந்தோம். ஏழாவது ஒன்றுதான் மிச்சம். அந்த ஒன்றை விட மனசில்லாமல், என்னை அந்த நிலையில் போட்டுவிட்டு மலையேறியிருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு லேபில் அந்தச் சீட்டையும் தேதியையும் பார்த்தேன். நினைத்தது உறுதியாயிற்று. அந்தப் பாட்டிலை இத்தனை வருடமாக நான் கையால் தொட்டதில்லை. நீங்கள் பின்லாந்துக்குக் கூப்பிட்டபோது, மாத அளவு விட்டுப்போகும் என்று சொல்லி மறுத்தேன். அது காரணம் இல்லை. இந்தச் சீட்டுதான் காரணம்.

இப்போது மண் வேறு சொல்கிறது. அன்று நீங்கள் மலைக்குப் போகவில்லை.

எங்கே போனீர்கள்?

ஆனந்தவள்ளி


யோயென்சூ
20-8-2025

அன்பு வள்ளி,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிகிறேன். இங்கே வெளிச்சம் குறைய ஆரம்பித்துவிட்டது. பிர்ச் மரங்களில் ஒன்றிரண்டு இலை மஞ்சளாகிறது. வேலைக்குப் போகிறேன், மண்ணைச் சலிக்கிறேன், எண்களை எழுதுகிறேன். எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பது மாதிரி இருக்கிறது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அன்று காலையில் ஏழாம் சதுரத்துக்குப் புறப்படத்தான் பையை எடுத்து வைத்திருந்தேன். முந்தின நாளே சீட்டு எழுதிப் பையில் ஒட்டிவிடுவது நம் வழக்கம். அதற்குள் உனக்கு வலி வந்துவிட்டது. கிதிர் அண்ணாச்சியின் ஜீப்பில்தான் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பன்னிரண்டு மணிவாக்கில் ஒரு நர்ஸ் வெளியே வந்து, துண்டில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு, “கொண்டு போயிருங்க சார், அவங்க முழிக்கதுக்குள்ள” என்றாள். பெண் குழந்தை. அதைக்கூட நான் உனக்குச் சொன்னதில்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

சுடுகாட்டுக்குக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. உன் ஊர்த் தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று தோன்றியது. இலத்தூர் குளக்கரைக்குப் போகச் சொன்னேன். கிதிர் அண்ணாச்சி வண்டியைத் திருப்பினார். வழியில் ஒரு வீட்டில் மம்பட்டி வாங்கிக்கொண்டார். கரைக்குக் கீழே ஒரு மருத மரம் நின்றது. அதற்குத் தெற்கே அவர் தோண்டினார். நான் அவளை வைத்தேன். மூடினோம்.

வள்ளி, ஒரு குழிக்குள் எதையாவது வைத்து மூடினால் அந்த அளவுக்கு மண் மிஞ்சும். மண்ணில் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். அன்று அதை என்னால் தாங்க முடியவில்லை. குழியை மூடிய பிறகு பக்கத்தில் கொஞ்சம் மண் மிஞ்சிக் கிடந்தது. அவ்வளவுதான் அவள் அளவு. அதை யாரும் மிதித்துப் போகும்படி விட்டுவர முடியவில்லை. தோள்பையில் இருந்தது ஒரே ஒரு காலிப் பை, ஏழாம் சதுரம் என்று சீட்டு ஒட்டியது. அதில் அள்ளினேன். அது கொண்ட மட்டும் அள்ளிவிட்டு மிச்சத்தைக் கையால் தடவிப் பரப்பினேன்.

திரும்பி வந்தபோது வாசலில் உன் அம்மா நின்றார்கள். “எடத்த அவகிட்ட சொல்லிராதீய. தெரிஞ்சா அங்கனயே போயி உக்காந்துருவா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் தலையாட்டினேன். உள்ளே வந்ததும் நீ மலைக்கா என்று கேட்டாய். ஆமா என்பது அந்த நேரத்தில் சுலபமாக இருந்தது.

அந்தப் பையை லேப் அலமாரியில் வைத்தேன். அடுத்த வாரம் நான் விடுப்பில் இருந்தபோது எல்லாப் பைகளோடும் அதையும் காயவைத்து, சலித்து, அளந்து, பையிலிருந்த என் சீட்டையே பாட்டிலில் ஒட்டிவிட்டார்கள். செப்டம்பரில் நோட்டில் அந்த எண்ணைப் பார்த்தேன். ஒரு கோடு போட்டு அடித்திருக்கலாம். அடித்தால் ஏன் என்று நீ கேட்பாய். அன்றைக்கு அதற்குத்தான் பயந்தேன்.

2017-இல் கட்டுரை எழுதும்போதும் எனக்குத் தெரியும். மூன்று மடங்கு ஏற்றம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். தெரிந்தே எழுதினேன். அப்போது பயம் மட்டும் இல்லை, ஆசையும் இருந்தது. அதை மறைத்தால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை.

ஜூனில் நீ பாட்டிலைப் பற்றி எழுதியபோதும் வெள்ளையடித்தார்கள் என்று இன்னொரு பொய் சொன்னேன். என்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

மணிமுத்து


தென்காசி
21-9-2025

மணிமுத்து அவர்களுக்கு,

கடிதத்தைப் படித்த மறுநாள் கிதிர் அண்ணாச்சியிடம் போய் நின்றேன். பதினான்கு வருடமாக மாதம் ஒரு முறை இந்த மனிதரோடு மலையேறியிருக்கிறேன். தண்ணீர் பாட்டிலை நீட்டுவார், மழைக்கோட்டை நீட்டுவார். ஒரு வார்த்தை வாய் திறந்ததில்லை. “ஒங்கம்மா சத்தியம் வாங்கிட்டாவ தங்கச்சி. நா என்ன செய்ய?” என்றார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு அவரே முன்னால் நடந்தார்.

சாரல் காலம் முடியப் போகிறது. வெயிலும் தூறலும் ஒன்றாக இருந்தன. அந்தக் குளக்கரையில் நான் எத்தனை தடவை நடந்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியுமா? பள்ளிக்கூடம் போனது அந்த வழிதான். அம்மாவைத் தகனத்துக்குக் கொண்டுபோனபோது பின்னாலேயே பாதி தூரம் நடந்ததும் அந்தக் கரைதான். இப்போது கரையை மண் போட்டு அகலப்படுத்தியிருக்கிறார்கள். மருத மரங்கள் மூன்று நிற்கின்றன. அண்ணாச்சி ஒவ்வொன்றின் கீழும் நின்று பார்த்தார். “இங்கனதான்னு நெனைக்கேன். அடிச்சுச் சொல்ல முடியாது தங்கச்சி” என்றார். நான் நடு மரத்தின் கீழ் உட்கார்ந்தேன். தண்ணீரில் வாத்துக் கூட்டம் ஒன்று இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எழுந்து பார்த்தபோது சேலை நனைந்திருந்தது.

திரும்பும்போது கேட்டேன், அன்று நீங்கள் அழுதீர்களா என்று. “அழல. கையால மண்ணத் தடவிக்கிட்டே இருந்தாவ. நா எங்க வழக்கப்படி ரெண்டு வார்த்த ஓதினேன். தப்பா எடுத்துக்காத” என்றார். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை அண்ணாச்சி என்றேன்.

பதினான்கு வருடம் உங்கள் மேல் தப்பான கோபத்தை வைத்திருந்தேன். அது போய்விட்டது. இப்போது சரியான கோபம் வந்திருக்கிறது. இடத்தைச் சொன்னால் நான் அங்கேயே போய் உட்கார்ந்துவிடுவேன் என்றார்களாம். உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நாள் உட்கார்ந்திருந்து, பிறகு எழுந்து வந்திருப்பேன். அதற்குப் பதிலாக உங்களோடு ஒரே வீட்டில் ஏழு வருடம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். என் அம்மா மேலும் கோபம்தான், அவள் இல்லாததால் அதையும் சேர்த்து நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டுரை விஷயம். அதை வெளியிட்ட இதழுக்கு அக்டோபர் 14-க்கு முன்னால் நீங்கள் எழுத வேண்டும். எழுதாவிட்டால் நான் எழுதுவேன், என் பெயரும் அதில் இருக்கிறது. முதல் வருடத்து மண் பை மாறிவிட்டது, முடிவு செல்லாது என்று மட்டும் எழுதுங்கள். அவள் நம்முடையவள். அவளை அதில் எழுத வேண்டாம்.

பெண் குழந்தை என்று எனக்கு முன்பே தெரியும். நர்சுகள் பேசிக்கொண்டது அரைமயக்கத்தில் காதில் விழுந்தது. எனக்குத் தெரிகிறது என்று யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை.

ஒன்று கேட்கவேண்டும். அவளைப் பார்த்தது உலகத்தில் நீங்களும் அந்த நர்சும் மட்டும்தான். அண்ணாச்சி துண்டை விலக்கிப் பார்க்கவில்லையாம். நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவள் எப்படி இருந்தாள்?

ஆனந்தவள்ளி


யோயென்சூ
9-11-2025

அன்பு வள்ளி,

இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. மூன்று மணிக்கே இருட்டத் தொடங்கிவிடுகிறது. காடு வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருக்கிற மாதிரி கிடக்கிறது.

உன் கடிதம் அக்டோபர் ஏழாம் தேதி கிடைத்தது. ஒன்பதாம் தேதி இதழுக்கு எழுதினேன். பை மாறிவிட்டது என்று மட்டும் எழுதச் சொன்னாய். அப்படி எழுதினால் அதுவும் பொய்யாகும். அந்த மண் வேறிடத்தது என்று எனக்கு 2011-லேயே தெரியும், தெரிந்தே கட்டுரை எழுதினேன், உடன் எழுதிய ஆனந்தவள்ளிக்கு இது தெரியாது என்று எழுதினேன். எந்த இடம், ஏன் என்று எழுதவில்லை. நகலை இங்கே என் தலைவரிடமும் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு, எழுதிக் கொடுத்ததற்கு நன்றி என்றார். வேலை நிரந்தரமாகாது. ஜனவரியோடு ஒப்பந்தம் முடிகிறது. அறையைக் காலி செய்யச் சாமான் என்று பெரிதாக ஒன்றும் சேரவில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நீ பேசியதை ஆஷிகா படம் பிடித்து அனுப்பியிருந்தாள். “இந்த ஆய்வில் என் பெயர் இருக்கு. இது தப்பு. இத வச்சு ஒரு மரத்தக்கூட வெட்டக்கூடாது” என்று நீ சொன்னதும் கூட்டத்தில் யாரோ ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கத்தினார்கள். நீ பதில் சொல்லாமல் தண்ணீர் குடித்தாய். அந்தப் பதில் என்னுடையது. நான் அங்கே நின்று சொல்லியிருக்க வேண்டும். மனுவை நிறுத்தி வைத்திருப்பதாகவும், மண்ணை மறுபடி ஆய்வு செய்யச் சொல்லியிருப்பதாகவும் ஆஷிகா எழுதியிருக்கிறாள்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொற்கள் சரியாக வருமா என்று தெரியவில்லை.

தலை நிறைய முடி. ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது. புருவம் இன்னும் சரியாக வரவில்லை, பென்சிலால் லேசாகக் கோடு இழுத்த மாதிரி இருந்தது. காது உன் காது, மேல் மடல் கொஞ்சம் உள்ளே மடங்கியது. பிறந்த குழந்தைகள் கையை மூடிக்கொண்டிருக்கும் என்பார்கள். அவள் விரல்கள் விரிந்திருந்தன. நகம்கூட இருந்தது. வலது கையை எடுத்து என் ஆள்காட்டி விரல் மேல் வைத்துப் பார்த்தேன். ஒரு கணு அளவுக்கு வந்தது. முகத்தில் வேதனை எதுவும் இல்லை. தூங்குகிறவள் ஏதோ நினைத்துக்கொண்ட மாதிரி கீழுதடு கொஞ்சம் முன்னால் வந்திருந்தது.

ஜீப்பில் மடியில் வைத்திருந்தேன். தென்காசி தாண்டியதும் சாரல் விட்டு வெயில் அடித்தது. அவள் முகத்தில் வெயில் பட்டது. கையால் மறைத்துக்கொண்டேன். இறந்த பிள்ளைக்கு வெயில் என்ன செய்யும் என்று அப்போதும் எனக்குத் தெரியும். ஆனாலும் இலத்தூர் போய்ச்சேரும்வரை கையை எடுக்கவில்லை.

அவ்வளவுதான் வள்ளி. இருபது நிமிடம் இருக்கும். அந்த இருபது நிமிடம் நான் அவளுக்கு அப்பாவாக இருந்தேன்.

பிப்ரவரியில் எங்கே போவது என்று முடிவு செய்யவில்லை. உன்னிடம் கேட்கும் உரிமை எனக்கு மிச்சம் இருக்கிறதா என்று தெரியாததால் கேட்காமல் நிறுத்துகிறேன்.

மணிமுத்து


தென்காசி
30-11-2025

அத்தானுக்கு,

வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஒரு வாரமாக வெயிலைக் கண்ணால் பார்க்கவில்லை. உங்கள் கடிதம் நேற்று வந்தது. தபால்காரர் நனையாமல் இருக்கட்டும் என்று சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். வாசலிலேயே நின்று படித்தேன். பிறகு உள்ளே போய், படித்துவிட்டேன் என்பதையே மறந்தவள் மாதிரி திரும்பவும் எடுத்துப் படித்தேன். சாயங்காலம் கண்ணாடி முன்னால் நின்று முடியை ஒதுக்கி என் காதைப் பார்த்தேன். நீங்கள் எழுதியது சரிதான், மடங்கித்தான் இருக்கிறது. நாற்பத்தொரு வயதில் இப்போதுதான் கவனிக்கிறேன்.

கோபம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். இருக்கிறது. சில நாள் காலையில் இருக்கிறது, மத்தியானம் இல்லை. நீங்கள் வந்தாலும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். தெரிந்துகொண்டு வாருங்கள்.

பொதிகை ரயிலில் வந்தால் காலையில் தென்காசியில் இறங்கலாம். நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

ஆறாவது மாதத்திலேயே நான் அவளுக்கு ஒரு பெயர் யோசித்து வைத்திருந்தேன். பெண்தான் என்று என்னவோ தோன்றிக்கொண்டே இருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்லவில்லை. பிறந்ததும் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். நேற்று எழுதிப் பார்த்தேன், தாளில் எழுதினால் நன்றாக இல்லை.

நேரில் சொல்கிறேன்.

வள்ளி